நார்மண்டி: எரித்தது தீ, கவிழ்த்தது தண்ணீர்

நண்பர் ஒரே மூச்சில் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறார். 'நார்மண்டி' என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் எரிந்தது நாஜி ஒற்றர்களின் வேலையா, மாஃபியாவின் வேலையா என்பது ஒன்று. கரையோடு கட்டிக் கிடந்த கப்பல், ஊரே கூடித் தீயை அணைத்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கவிழ்ந்தது என்பது இரண்டு. அதில் ஏதாவது இன்று மிச்சம் இருக்கிறதா என்பது மூன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியமான கேள்வி. தீ வைத்தது இன்னார் என்று நாளைக்கே ஒரு பெயர் கிடைத்தாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். ஏனென்றால் அந்தக் கப்பலைக் கவிழ்த்தது தீ இல்லை. நான் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவன். கப்பல்கள் கவிழாமல் நிமிர்ந்து மிதக்குமா என்று பார்க்கும் நிலைப்புக் கணக்குகளைச் சரிபார்ப்பது என் தொழில். அந்தப் பக்கத்தை விரிவாகச் சொல்கிறேன். துப்பறியும் பக்கத்தில் விசாரணைகள் கண்டதற்கு மேல் நானாக எதையும் சேர்க்கப்போவதில்லை.

முதலில் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இழந்தது என்ன என்று தெரிவதற்காக. பிரான்சின் சான் நசேர் நகரில் பென்ஹோவெ கப்பல் தளத்தில் 1931 ஜனவரியில் கட்டத் தொடங்கி, 1932 அக்டோபர் 29 அன்று நீரில் இறக்கினார்கள். நீளம் 313 மீட்டருக்கு மேல். உலகப் பொருளாதாரமே படுத்துக் கிடந்த காலம் அது. 'பிரெஞ்ச் லைன்' என்று அழைக்கப்பட்ட கம்பெனியால் தனியாகச் சமாளிக்க முடியாமல் அரசாங்கம் கடன் கொடுத்துத்தான் வேலை முடிந்தது. 1935 மே 29 அன்று ல ஆவ்ர் துறைமுகத்திலிருந்து முதல் பயணம் புறப்பட்டு, நான்கு நாளும் சில மணி நேரமும் எடுத்து அட்லாண்டிக்கைக் கடந்தது. போகும்போது சராசரி வேகம் மணிக்கு 30 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. திரும்பும்போது 30-ஐத் தாண்டியது. அந்தச் சராசரியில் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கப்பல் அதுதான். மிக வேகமாகக் கடக்கும் கப்பலுக்குரிய 'புளூ ரிபாண்ட்' பட்டத்தை முதல் பயணத்திலேயே தட்டிச் சென்றது. பிறகு பிரிட்டனின் குயின் மேரியும் இதுவுமாக அந்தப் பட்டத்தை மாறி மாறிப் பறித்துக்கொண்டார்கள். 1938-ல் குயின் மேரி எடுத்துக்கொண்டது, 1952 வரை விடவில்லை.

வேகத்துக்குக் காரணமானவர் விளாடிமிர் யுர்கேவிச். ஜார் மன்னரின் கடற்படைக்குப் போர்க்கப்பல் வடிவமைத்தவர். புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறி, பிரான்சில் ரெனோ கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர் வரைந்து கொடுத்த அடிவடிவத்தில் முன்பக்கம் நீருக்கடியில் குமிழ்போலப் பருத்தும், நீர்மட்டத்தில் கத்திபோல ஒடுங்கியும், நடுப்பகுதி அகன்றும் இருக்கும். மாதிரிகளைச் சோதனைத் தொட்டியில் இழுத்துப் பார்த்தபோது மற்ற வடிவங்களை எல்லாம் அது முந்தியது. எஞ்சினும் புதுமைதான். நீராவி டர்பைன்கள் நேராகச் சுழல்விசிறியைத் திருப்பாமல் மின்சாரம் உற்பத்தி செய்யும். அந்த மின்சாரத்தில் ஓடும் நான்கு மோட்டார்கள் கப்பலைத் தள்ளும். மொத்தம் 1,60,000 குதிரைசக்தி. குயின் மேரி அதே வேகத்தை எட்டுவதற்கு இதைவிட அதிக சக்தியைச் செலவழிக்க வேண்டியிருந்தது. முதல் வருடத்தில் பின்பக்கம் கடுமையாக அதிர்ந்தது உண்மை. மூன்று இதழ் விசிறிகளை நான்கு இதழ் விசிறிகளாக மாற்றி அதை அடக்கினார்கள்.

உள்ளே இருந்த அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 93 மீட்டர் நீள உணவுக்கூடம், லாலிக் கண்ணாடி விளக்குத் தூண்கள், ழான் துனானின் அரக்குச் சித்திரங்கள், பெரிய கூடத்தில் ழான் துப்பா தீட்டிய கண்ணாடிச் சுவர்கள். நம் கதைக்கு முக்கியமானது, இவ்வளவு பெரிய கூடங்கள் எப்படிச் சாத்தியமாயின என்பது. சாதாரணமாகப் புகைபோக்கிக் குழாய்கள் கப்பலின் நடுவே மேலேறும். கூடங்கள் அவற்றைச் சுற்றித்தான் அமையும். நார்மண்டியில் அந்தக் குழாய்களை இரண்டாகப் பிரித்து இரு ஓரங்களிலும் ஏற்றிவிட்டார்கள். அதனால் முதல் வகுப்பின் பெரிய கூடங்கள் நடுவில் தடையில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து கிடந்தன. பயணிகளுக்கு அது சொர்க்கம். தீக்கும் தேங்கும் தண்ணீருக்கும்கூட அது வசதிதான். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1933-ல் அவர்களுடைய 'லத்லாந்திக்' என்ற கப்பல் எரிந்து பாழானதைப் பார்த்தவர்கள், நார்மண்டியில் தீ எச்சரிக்கைக் கருவிகளும் காவல் முறையும் பலமாக அமைத்தார்கள். அந்த ஏற்பாடு வேலை செய்ய, அதை அறிந்த ஆட்கள் கப்பலில் இருக்க வேண்டும்.

வியாபாரத்தில் அது ஜெயிக்கவில்லை. பணக்காரர்களுக்கென்றே கட்டியதுபோல, ஏறத்தாழ 1,970 பயணிகளில் 848 பேருக்கு முதல் வகுப்பு என்று வைத்திருந்தார்கள். நடுத்தர மக்கள் குயின் மேரிக்குப் போனார்கள். நாலே வருட ஓட்டம். 1939 ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க் வந்து சேர்ந்தது, போர் வெடித்தது, ஹட்சன் ஆற்றில் 88-ஆம் எண் துறைமேடையில் அப்படியே கட்டிக் கிடந்தது. 1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஐந்து நாள் கழித்து, 1941 டிசம்பர் 12 அன்று, அமெரிக்க அரசு கப்பலைக் கைப்பற்றி, பிரெஞ்சு மாலுமிகளை இறக்கிவிட்டு, 'லஃபயெட்' என்று புதுப்பெயர் சூட்டியது. விமானந்தாங்கியாக மாற்றலாமா என்று யோசித்துக் கைவிட்டு, படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலாக்க முடிவு செய்தார்கள்.

இங்கிருந்து தேதிகளைக் கவனியுங்கள். பிப்ரவரி 14-ல் கப்பல் புறப்பட வேண்டும் என்பது கட்டளை. இரண்டு மாதத்தில் ஒரு மிதக்கும் அரண்மனையைப் படைக்கப்பலாக்கும் வேலை. முடியாது என்று பிப்ரவரி 6-ல் அவகாசம் கேட்டார்கள், கிடைத்தது. மேல்கட்டுமானத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துக் கப்பலின் நிலைப்பைக் கூட்டலாம், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று திட்டம். மறுநாளே வாஷிங்டனிலிருந்து மாற்று உத்தரவு: வெட்ட வேண்டாம், 14-ஆம் தேதியே கிளம்புங்கள். என் தொழிலில் இருக்கிற எவரும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். மேல்பாரம் அதிகம் என்று கப்பற்படையே கணித்திருக்கிறது; அதைக் குறைக்காமலே வேலையை இரட்டை வேகத்தில் முடுக்கிவிட்டது. கப்பலின் தலைவரும் இன்னொரு அதிகாரியும் இதைப் பற்றி வாதாட பிப்ரவரி 9 அன்று கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தக் கூட்டங்கள் நடக்கவே இல்லை.

அன்று பிற்பகல் இரண்டரை மணிவாக்கில் பெரிய கூடத்தில் நின்ற விளக்குத் தூண்களை கேஸ் கட்டிங் போட்டு அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதே கூடத்தில், படைவீரர்களுக்காக வந்த உயிர்காப்பு அங்கிகள் சாக்கில் கட்டிய பொதிகளாகக் குவிந்திருந்தன. அங்கிகளுக்குள் அடைத்திருந்தது இலவம் பஞ்சு. நீரில் ஊறாமல் மிதக்கும் என்பதால் அந்தக் காலத்தில் உயிர்காப்பு அங்கிகளுக்கு அதைத்தான் பயன்படுத்தினார்கள். இலவம் பஞ்சில் நெருப்பு எப்படி ஓடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொறி பொதியில் விழுந்தது. கப்பலின் சொந்த எச்சரிக்கை அமைப்பு துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. பிரெஞ்சு அளவில் செய்த குழாய் இணைப்புகளில் அமெரிக்கத் தீயணைப்புக் குழாய்கள் பொருந்தவில்லை. கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள், கடலோரக் காவல் படையினர், கப்பற்படையினர் என்று ஆயிரக்கணக்கானோர் இருந்தும், தீ என்றால் யார் முதலில் ஓட வேண்டும், யார் சொல்வதை யார் கேட்க வேண்டும் என்பது தெளிவாக இல்லை. நகரத் தீயணைப்புப் படை வந்து சேர ஏறத்தாழ கால் மணி நேரம் ஆனது. அதற்குள் காற்று தீயை முன்பக்கம் முழுக்கப் பரப்பிவிட்டது. வந்தவர்கள் கரையிலிருந்தும், தீயணைப்புப் படகுகள் ஆற்றுப் பக்கத்திலிருந்தும் தண்ணீரைக் கொட்டினார்கள். இரவுக்குள் தீ அடங்கியது. மேல்தளங்கள்தான் எரிந்திருந்தன. எஞ்சின்கள், கொதிகலன்கள், அடிப்பகுதி எதற்கும் பெரிய சேதமில்லை. அந்த நிலையில் அது சரிசெய்யக்கூடிய கப்பல்தான்.

ஆனால் மேல்தளங்களில் ஆயிரக்கணக்கான டன் தண்ணீர் தேங்கி நின்றது. இதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. தண்ணீர் இரண்டு வகையில் கெடுதல் செய்யும். ஒன்று, உயரத்தில் நிற்கும் எடை கப்பலின் எடைமையத்தை மேலே தூக்குகிறது. மேலே போகப்போக நிமிரும் சக்தி குறைகிறது. இது எல்லோருக்கும் புரியும். இரண்டாவது அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. விளிம்புள்ள பெரிய தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஏந்தி நடந்து பாருங்கள்: கை இம்மி சாய்ந்தாலும் தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடி, இன்னும் சாய்க்கும். கப்பலிலும் அப்படியே. நாங்கள் இதை 'ஃப்ரீ சர்ஃபேஸ்' விளைவு என்போம். இதில் நீரின் ஆழம் பெரிதில்லை. அது பரவி நிற்கும் அகலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கணக்கில் அகலத்தின் மும்மடிப் பெருக்கம் வரும். அகலம் இரண்டு மடங்கானால் கெடுதல் எட்டு மடங்காகும். அதே கூடத்தை நடுவில் நீளவாக்கில் ஒரு சுவரால் தடுத்துவிட்டால் கெடுதல் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எண்ணெய்க் கப்பல்களில் தொட்டிகளை நெடுக்குச் சுவர்களால் பிரித்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நார்மண்டியின் கூடங்களோ அகலத்துக்கே பெயர்பெற்றவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால், எதிர்ப்பக்கத் தொட்டியில் நீர் ஏற்றினால் நிமிரும் என்று யாருக்கும் தோன்றும். சாய்வுக்குக் காரணம் ஒரு பக்கப் பாரம் மட்டும் என்றால் அது சரி. கப்பல் நிமிரும் சக்தியையே இழந்து சாய்ந்திருந்தால், அதே வைத்தியம் கப்பலை எதிர்ப்பக்கம் வேகமாகப் புரட்டிவிடக்கூடும். அப்போது செய்ய வேண்டியது முதலில் அடிமட்டத்தில் பாரம் சேர்ப்பது. அந்த இரவில் நார்மண்டி இடப்பக்கம் சாய்ந்தது எந்த வகை என்றால், இரண்டும் கலந்தது என்றே நான் நினைக்கிறேன். படகுகள் ஆற்றுப் பக்கமிருந்து அடித்த தண்ணீர் ஒரு பக்கமாகச் சேர்ந்தது. கூடவே தளும்பும் பரப்பு நிமிரும் சக்தியைத் தின்றது. இது என் ஊகம். அன்றைய நீரளவை மணிவாரியாக யாரும் அளந்து வைக்கவில்லை. உறுதியாகத் தெரிந்தது, எதிர்ப்பக்கம் நீர் ஏற்ற முயன்றார்கள், பலிக்கவில்லை என்பது. சாய்வு கூடக்கூட ஓரத்துத் திறப்புகள் நீர்மட்டத்துக்குக் கீழே போய், அவற்றின் வழியாக ஆறே உள்ளே வரத் தொடங்கியது.

யுர்கேவிச் அப்போது நியூயார்க்கில்தான் இருந்தார். செய்தி கேட்டு ஓடிவந்தவரைக் காவலர்கள் துறைமேடைக்குள் விடவில்லை. அவர் சொல்லியனுப்பிய யோசனை எளிமையானது: அடிமட்ட வால்வுகளைத் திறந்துவிடுங்கள், கீழ்த்தளங்கள் நிரம்பட்டும், கப்பல் சில அடி இறங்கி ஆற்றுப்படுகையில் உட்காரட்டும். உட்கார்ந்துவிட்ட கப்பல் கவிழாது. பிறகு எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் அடித்துத் தீயை அணைக்கலாம், நிதானமாக வெளியேற்றிக்கொள்ளலாம். கப்பற்படையின் அந்தப் பகுதித் தலைவர் அட்மிரல் ஆண்ட்ரூஸ் மறுத்துவிட்டார். நள்ளிரவுக்குச் சற்றுப் பின் எல்லோரும் இறங்க உத்தரவானது. பிப்ரவரி 10 அதிகாலை 2.45 மணிக்கு நார்மண்டி இடப்பக்கமாகச் சரிந்து படுத்தது. ஒருவர் இறந்தார், ஏறத்தாழ 285 பேர் காயமடைந்தார்கள் அல்லது புகையில் பாதிக்கப்பட்டார்கள்.

யுர்கேவிச் சொன்னபடி செய்திருந்தால் கப்பல் நிச்சயம் பிழைத்திருக்குமா? தொடக்கத்திலேயே, சாய்வு சிறிதாக இருக்கும்போதே செய்திருந்தால் பிழைத்திருக்கும் என்பது என் தொழில்முறைக் கருத்து. இரவு முற்றிய பிறகு அதே வால்வுகளைத் திறந்திருந்தால், சாய்ந்த பக்கத்துக்கே நீர் போயிருக்கலாம். ஒன்றை மட்டும் ஐயமில்லாமல் சொல்வேன். அந்தக் கப்பலின் ஒவ்வொரு அங்குலமும் தெரிந்த மனிதர் வாசலில் நின்றார், அவரை உள்ளே அழைத்து அரைமணி நேரம் பேசுவதற்குக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எச்சரிக்கை இல்லாமல் நடந்ததும் அல்ல இது. அதே பிரெஞ்ச் லைனின் 'பாரீஸ்' கப்பல் 1939 ஏப்ரலில் ல ஆவ்ர் துறைமுகத்தில் தீப்பிடித்து இதேபோலத் துறையிலேயே கவிழ்ந்தது. அப்போது உலர்துறையில் பழுது பார்த்துக்கொண்டிருந்த நார்மண்டி வெளியே வர வழியில்லாமல், பாரீஸின் பாய்மரக் கம்பங்களை வெட்ட வேண்டி வந்தது. மூன்றே வருடத்துக்குள் நார்மண்டிக்கும் அதே கதி. 1972 ஜனவரியில் ஹாங்காங்கில் பழைய 'குயின் எலிசபெத்' எரிந்து சரிந்ததும் இந்த வரிசையில் சேரும்.

இனி முதல் கேள்வி. நாசவேலைச் சந்தேகம் காரணமில்லாமல் எழவில்லை. டுக்கேன் என்பவர் தலைமையில் இயங்கிய 33 பேர் கொண்ட ஜெர்மன் ஒற்றர் கும்பல் 1941-ல் பிடிபட்டது. தண்டனை அறிவிக்கப்பட்டது தீக்கு ஒரு மாதம் முன்புதான். ஊர் பயந்திருந்தது. ஆனால் எஃப்.பி.ஐ., நியூயார்க் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகன், காங்கிரஸ் குழுக்கள் எல்லாம் தனித்தனியாக விசாரித்து ஒரே முடிவுக்கு வந்தார்கள்: அசட்டை, அவசரம், கண்காணிப்பின்மை. பொறி விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்களே சாட்சி சொன்னார்கள்.

மாஃபியா கதையில் பாதி உண்மை. தீக்குப் பிறகு, துறைமுகத்தில் ஒற்றர்கள் நுழையாமல் பார்த்துக்கொள்ள, கப்பற்படை உளவுத்துறை மீன்சந்தையை ஆட்டிப்படைத்த சாக்ஸ் லான்சாவையும், அவர் வழியாகச் சிறையில் இருந்த மாஃபியா தலைவர் லக்கி லூசியானோவையும் நாடியது நடந்த சம்பவம்; 1954-ல் ஒரு அதிகாரபூர்வ விசாரணை அதை உறுதிப்படுத்தியது. லூசியானோ 1946-ல் விடுதலையாகி இத்தாலிக்கு அனுப்பப்பட்டார். அப்படி உதவி கேட்கவைக்கத்தான் மாஃபியாவே தீ வைத்தது என்பது, லூசியானோ இறந்த பிறகு அவர் சொன்னதாக வெளிவந்த கதை. அதற்கு வேறு ஆதாரம் எதுவும் இல்லை. கண்கண்ட சாட்சிகளோடும் அது பொருந்தவில்லை. தன்னால் ஒரு நகரத்தையே அசைக்க முடிந்தது என்று சொல்லிக்கொள்வதில் அந்த மனிதர்களுக்கு லாபம் இருந்தது என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள்.

கவிழ்ந்த கப்பலை அப்படியே விட முடியவில்லை. நகரத்தின் நடுவில் ஒரு துறையை அடைத்துக் கிடந்தது. மேல்கட்டுமானம் முழுவதையும் வெட்டி எடுத்தார்கள். டைவர்கள் சேற்றுக்குள் இறங்கித் துளைகளை அடைத்தார்கள். 1943 ஆகஸ்டில் நீரை இறைக்கத் தொடங்கி, இலையுதிர்காலத்தில் நிமிர்த்தி மிதக்கவிட்டார்கள். கப்பற்படை அந்த இடத்திலேயே மீட்புப் பயிற்சிப் பள்ளி நடத்தியது; அங்கே பயின்ற டைவர்கள் பிறகு போர்முனைத் துறைமுகங்களில் வேலை செய்தார்கள். அதனால் அந்த உழைப்பு வீண்போகவில்லை என்பேன். கப்பல் மட்டும் மீண்டும் ஓடவில்லை. குயின் மேரி 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் பதினாறாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் சென்றதை நினைத்தால், இதை இழந்ததன் அளவு புரியும். 1946-ல் 1,61,680 டாலருக்குப் பழைய இரும்பாக விற்று, நியூ ஜெர்சியின் நுவார்க் துறைமுகத்தில் உடைத்தார்கள். பிரான்சுக்கு ஈடாக ஜெர்மனியின் 'ஒய்ரோபா' கப்பல் கொடுக்கப்பட்டு 'லிபர்தே' என்று பெயர் மாறியது.

மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் உண்டு. படைக்கப்பலாக மாற்றும்போதே அலங்காரப் பொருள்களில் பெரும்பகுதியைக் கழற்றிக் கரைசேர்த்துவிட்டார்கள். அவை பிறகு ஏலம் போயின. தீ தொடங்கிய அதே பெரிய கூடத்தில் இருந்த துப்பாவின் கண்ணாடிச் சித்திரங்களில் ஒரு மூலைத் தொகுதி நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உணவுக்கூடத்தின் வெண்கலக் கதவுகளின் வட்டப் பதக்கங்களை புரூக்ளினில் உள்ள லெபனான் மாதா பேராலயக் கதவுகளில் பார்க்கலாம். கப்பலின் நீராவி ஊதல், அதே புரூக்ளினில் பிராட் கல்லூரியின் புத்தாண்டு இரவுக் கொண்டாட்டங்களில் பல வருடங்கள் ஒலித்தது. நியூயார்க் போகிற வாய்ப்பு அமைந்தால் முதலில் மெட்ரோபாலிடனுக்குப் போங்கள். பொன்னும் வெள்ளியும் பூசிய அந்தச் சுவரின் உயரத்தைப் பார்த்தாலே, அந்தக் கூடத்தில் தேங்கிய தண்ணீர் எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருக்கும் என்று உங்களுக்கே பிடிபடும்.